கமறாத மிளகாய்

காத்தான்குடியில் ஸகியா வருவதைக் கண்டதும் பானையை மூடாத வீடு குறைவு. அவள் நாவூறுக்காரி என்று ஊர் முடிவுகட்டி இருபது வருஷம் ஆகியிருந்தது. அவள் பார்த்து "நல்ல மீன்" என்றால் மீன் நாறும், "நல்ல புள்ள" என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றார்கள். இந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியது ஊர் அல்ல, பெற்ற தாய் ஆசியா உம்மா. ஊர் அதை வாங்கிப் பரப்பியது, அவ்வளவுதான்.

அப்போது ஸகியாவுக்கு ஆறு வயது, தங்கச்சி றபீக்காவுக்கு இரண்டு. றபீக்கா பால் குடிக்கும் நாளிலிருந்தே கக்குகிற பிள்ளை. பிள்ளைகள் கக்கத்தானே செய்யும் என்று ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் வாப்பா கிரான் பக்கம் போய் எருமைத் தயிர் கொண்டுவந்தார். உம்மா அதில் சீனி போட்டுப் பிசைந்து சின்னவளுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தா. பெரியவளுக்குக் கிடைத்தது சட்டி வழிக்கிற வேலை.

"எல்லாத்தையும் அவளுக்கே ஊட்டுங்க. நான் பார்த்துக்கொண்டு இரிக்கன்" என்றாள் ஸகியா.

அந்திக்குப் பிள்ளை தயிர் முழுவதையும் கக்கிச் சத்தி எடுத்தது. உம்மா திரும்பிப் பெரியவளைப் பார்த்தா.

"ஒன்ட நாக்குத்தான்டி" என்றா.

அன்றைக்கு வீட்டின் குறுக்கே ஒரு சீலை கட்டப்பட்டது. றபீக்கா சீலைக்கு அந்தப் பக்கம் சாப்பிடுவாள், ஸகியா இந்தப் பக்கம் பன் புல்லில் பாய் இழைப்பாள். உள்ளே போவதை அவள் பார்க்கக்கூடாது. வெளியே வருவதைக் கழுவுவது மட்டும் அவள் பொறுப்பு. தங்கச்சி என்ன தின்றாள் என்பதை ஸகியா சத்திச் சட்டியில்தான் அறிந்துகொண்டாள். முட்டை தின்றிருப்பாள், கோழி ஆணம் தின்றிருப்பாள், ஒரு பெருநாளுக்கு வட்டிலப்பமும் வந்தது. ஸகியாவுக்கு அன்று கிடைத்தது கஞ்சி. சட்டியைக் கழுவிக்கொண்டே அவள் வயிறெரிந்தாள். பொறாமைப்பட்டாள் என்பதை மறைப்பானேன்? சத்தி எடுத்த முட்டைக்குக்கூடப் பொறாமைப்படும்படி வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நாவூறு கழிப்பு நடக்கும். ஸகியா மிதித்த இடத்தில் காலடி மண் எடுத்து, மூன்று செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து, றபீக்காவின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவா உம்மா. மிளகாய் கமறி இருமல் வந்தால் நாவூறு இல்லை, கமறாவிட்டால் நாவூறுதான். ஒரு நாளும் கமறியதில்லை. கமறுவது எப்படி? உம்மா நெருப்பு மூட்டுவது பின் வளவில், வாவிக் காற்று சட்டியையே தூக்கிக்கொண்டு போகிற இடத்தில். ஸகியா ஓரமாய் நின்று வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள். உம்மா அவளை ஒரு பார்வை பார்த்தா. அதற்குப் பிறகு அவள் இருமவில்லை.

தாய் வீடு மூத்த மகளுக்கு என்பது ஊர் வழக்கம். உம்மா அதை மாற்றினா. நோயாளிப் பெண்ணுக்குக் கல்வீடு, திடகாத்திரமானவளுக்குப் பின் வளவில் கிடுகுக் குடில். ஸகியாவை வண்டிக்கார அஹமட் கட்டினான். றபீக்காவைத் துணிக்கடை உசனார் கட்டினான். றபீக்காவின் கலியாணத்தில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன் வைத்தார்கள். மணப்பெண் இருந்த சஹனில் கூடப்பிறந்தவளுக்கு இடமில்லை. அவள் அடுப்படியில், தேங்காய் துருவியவர்களோடு சாப்பிட்டாள். கல்வீட்டைக்கூட அவள் மறந்திருப்பாள். அந்தச் சஹனை மறக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷங்களில் றபீக்காவுக்கு இருபத்திரண்டு வயது. குடித்த தண்ணீரும் நிற்காமல், எலும்பும் தோலுமாய்ப் படுத்துவிட்டாள். லெப்பை ஓதிய தண்ணீரும் வந்த வழியே திரும்பியது. உசனார் அவளை வண்டியில் போட்டு மட்டக்களப்புப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண்கள் வார்டில் கூட நிற்க ஒரு பெண் வேண்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி. வேறு ஆளில்லாமல் ஸகியாவைத்தான் அனுப்பினா.

"அவ தின்னக்குள்ள நீ அங்கால திரும்பி இரி" என்று சொல்லித்தான் அனுப்பினா.

டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். "சாப்பிட்டு எவ்வளவு நேரம் பொறுத்துச் சத்தி வருகுது?" என்று உசனாரிடம் கேட்டார். உசனாருக்குத் தெரியவில்லை. முட்டாக்குக்குள்ளிருந்து ஸகியா பேசினாள்.

"காலையில தின்றது அந்திக்குத்தான் வரும். சில நாள் முந்தின நாள் கீரையும் வரும், இலை இலையா. சின்ன வயசுல இரிந்தே அப்பிடித்தான். கொஞ்சமாத் தின்றா நிற்கும். வயிறு நிறையத் தின்றாத்தான் வரும்."

டாக்டர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இவ்வளவும் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் கழுவுற."

சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து வயிற்றை வெட்டினார்கள். வெட்டி முடித்து வந்த டாக்டர் உசனாரிடம் சொல்லவில்லை, ஸகியாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இரைப்பைக்குப் பின்னாலை கணையம் எண்டு ஒரு உறுப்பு இருக்கு. எல்லாருக்கும் அது நாக்கு மாதிரி நீட்டாக் கிடக்கும்."

நாக்கு என்றதும் ஸகியாவுக்குத் திக்கென்றது.

"உம்மடை தங்கச்சிக்கு அது குடலின்ரை தொடக்கத்தைச் சுத்தி மோதிரம் மாதிரி இறுக்கிக்கொண்டு கிடக்குது. சாப்பாடு இறங்க வழியில்லை. மோதிரத்தை வெட்டினால் ஆபத்து. அதை விட்டிட்டு, பக்கத்தாலை வேறை பாதை தைச்சு விட்டிருக்கிறன்."

"அது எப்பயிருந்து, டாக்டர்?"

"தாயின்ரை வயித்துக்குள்ளை உருவாகேக்கையே அப்பிடித்தான். லட்சத்திலை ஒருத்தருக்கு வரும். நானே இப்பதான் முதல் முதலாக் காணுறன்."

"பிறந்தாப் பிறகு ஆரும் பார்த்து வாறதில்லையா?"

"ஆர், எதைப் பார்த்து?" என்றார் டாக்டர். அவருக்கு விளங்கவில்லை.

ஸகியா விறாந்தைக்குப் போய் முட்டாக்கால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறுதலில் அழுதாள் என்றால் பொய். கோபத்தில் அழுதாள். அவள் வாய் திறக்கும் முன்பே, அந்தத் தயிர்ச்சட்டி வரும் முன்பே, எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. அந்த அழுகைக்கு நடுவிலும் பழைய எரிச்சல் தலைகாட்டியது. லட்சத்தில் ஒருத்தியாம். வயிற்றுக்குள்ளும் அவளுக்குத்தான் மோதிரம்.

நாலாம் நாள் றபீக்காவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். ஸகியா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏன் ராத்தா திரும்பி இரிக்கீங்க?"

"உம்மா சொன்னா."

றபீக்கா ஒரு மிடறு விழுங்கினாள். "நீங்க கஞ்சி குடிக்கிற சத்தம் சீலைக்கு அங்கால கேட்கும். மடக்கு மடக்கெண்டு குடிச்சிட்டுப் பாயில குந்துவீங்க. எனக்கு நெஞ்சு எரியும். நானும்தான் ஒங்களப் பார்த்து எரிஞ்சன். ஒங்களுக்கு ஒரு ஏப்பமும் வரல்லயே."

ஸகியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். கஞ்சித் தண்ணீர் வயிற்றில் நின்றது.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை உம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். உம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டா. ஒரு மன்னிப்பு வரும், இல்லாவிட்டால் ஒரு பெருமூச்சாவது வரும் என்று காத்திருந்தாள் ஸகியா.

"வயித்துக்குள்ளயே வந்ததெண்டா சொன்னாரு?" என்றா உம்மா. "வரும் புள்ள. அவ வயித்துல இரிக்கக்குள்ள நீதான் என்ட வயித்தப் பார்த்துக்கொண்டே திரிஞ்சாய்."

இதற்கு எந்த டாக்டர் பதில் சொல்வார்? ஸகியா குடிலுக்குப் போய்ப் பாயை இழைத்தாள். வந்த ஆத்திரத்தில் பன் அறுந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்குக் கல்வீட்டில் சஹன் வைத்தார்கள். முற்றம், பின் வளவு எங்கும் ஆட்கள். பெண்கள் உள்ளே கூடினார்கள். றபீக்கா வந்து உட்கார்ந்ததும் உம்மாவின் கை பழக்கத்தில் சீலையை இழுத்தது.

"இழுக்காதீங்க உம்மா" என்றாள் றபீக்கா. "ராத்தா, வாங்க. என்ட பக்கத்துல இரிங்க."

சுற்றியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸகியா வந்து உட்கார்ந்தாள். ஒரே தட்டு, ஆறு கைகள். றபீக்கா சோற்றைப் பிசைந்து வாய் நிறைய வைத்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கையில் உசனார் வாங்கிக் கொடுத்த புதுக் காப்பு. தலைக்கு மேலே கல்வீட்டின் ஓடு. ஸகியா எல்லாவற்றையும் பார்த்தாள். பொறாமை போய்விட்டதா என்று தேடினாள். போகவில்லை, முழுசாக அங்கேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டே அவள் தங்கச்சி தின்பதைக் கண்கொட்டாமல் பார்த்து, ஊரே கேட்க, இருபது வருஷமாய்ச் சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னாள்.

"நல்லாத் தின்றாய் புள்ள."

நாலு கைகள் தட்டிலேயே நின்றுவிட்டன. றபீக்கா மட்டும் அடுத்த கவளத்தை எடுத்தாள்.

உம்மா எழுந்து ஓடினா. ஸகியா நடந்துவந்த வாசல்படியில் கால் மண்ணை வழித்து, மூன்று செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு வந்து றபீக்காவின் தலையைச் சுற்றினா. பின் வளவில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அடுப்படி நெருப்பிலேயே போட்டா.

காற்றில்லாத அடுப்படி. புகை சுவரில் மோதித் திரும்பியது. முதலில் ஒருத்தி இருமினாள், பிறகு சஹனில் இருந்த எல்லாரும் இருமினார்கள். கண்ணீர் வழிய, மூச்சு முட்ட, கதவைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாரையும்விட அதிகமாய் இருமியது ஆசியா உம்மா.

ஸகியா முட்டாக்கால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கமறுதா உம்மா?" என்று கேட்டாள்.

உம்மாவுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினா.