கண்ணாடிக் கைப்பிடி, அடி எவ்வளவு?

வீட்டு மாடிக்குக் கண்ணாடிக் கைப்பிடி வைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறவர்கள், மனசில் ஒரு தொகையை வைத்துக்கொண்டுதான் விசாரிக்கிறார்கள். அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் நாம்தான் கொள்ளைக்காரன். விலை சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்தப் பாவப்பட்ட கூட்டத்தில் நானும் ஒரு வருஷம் இருந்தேன்.

புதுச்சேரியில் நானும் கமால் பாயும் கூட்டாகக் கடை போட்டோம். பாய்க்குக் கண்ணாடி வேலையில் இருபது வருஷப் பழக்கம். எனக்கு வாய்ப் பழக்கம். அளவு எடுத்து கொட்டேஷன் போடுவது நான், கொண்டுபோய் மாட்டுவது அவர். என் மனைவி தேன்மொழி முதல் நாளே கெடு வைத்துவிட்டாள். "ஒரு வருஷம் பாக்கறேன். கட நிக்கலன்னா எங்கண்ணன் டைல்ஸ் கடைக்குப் போயிடணும்." மச்சான் தங்கமானவர்தான். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் அந்த ஒரு வருஷமும் எனக்குக் கடை நிற்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

லிஸ்ட்

முதல் ஃபோன் ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தது. பேங்கில் வேலை பார்ப்பவர், பால்கனிக்கு இருபது அடி. "அடி எவ்வளவு?" என்றார். மற்ற கடைக்காரர்கள் கண்ணாடிக்கு மட்டும் ஒரு விலை சொல்லி ஆளைப் பிடித்துவிடுவார்கள். மாட்டி முடிக்கும்போது மீதி ஒவ்வொன்றாக வெளியே வரும். நாங்கள் அப்படிச் செய்வதில்லை என்று கடை திறந்த அன்றே இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். என்னவோ பெரிய ஹரிச்சந்திரன்கள்!

நேரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். பன்னிரண்டு எம்.எம். கண்ணாடி, அதை நிறுத்த அடியில் அலுமினியச் சட்டம், மேலே ஸ்டீல் பைப், தளத்தில் ஓட்டை போடும் கூலி, மாடிக்குத் தூக்கும் கூலி, ரப்பர், சிலிக்கான், வண்டி வாடகை. அவர் கையில் இருந்த காபி ஆறிப்போனது. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடிக்கு வெல சொல்லுங்கன்னா, கல்யாணத்துக்கு சாமான் லிஸ்ட் வாசிக்கிறீங்களே சார்!"

உப்புக் காற்று

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீடு. அங்கே சாதாரண ஸ்டீல் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது, பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். உப்புக் காற்றைத் தாங்குகிற ஸ்டீல் தனி. விலையும் தனி. இதை வீட்டுக்காரரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். எதிர் வீட்டு கேட்டில் துரு வழிந்திருந்ததையும் காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு விலை குறைவாகச் சொன்ன வேறொருவரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார். ஏன் சார் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "துருப் புடிச்சா அப்பப் பாத்துக்கலாம். அதுக்குள்ள கிரகப்பிரவேசம் முடிஞ்சிடும்ல?"

ரெண்டு அங்குலம்

இது முழுக்க என் தப்பு. தவளக்குப்பத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மாடிப்படிக்கு ஆர்டர் கிடைத்தது. ஆறு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை. கை நழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் அடுத்த நாளே போய் அளவு எடுத்தேன். படிக்கு கிரானைட் போட்ட பிறகுதான் அளவு எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். நான் வெறும் சிமெண்டுப் படியில் டேப்பை வைத்தேன்.

கண்ணாடியை வெட்டி, போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, அப்புறம்தான் உலையில் வைத்து உறுதியாக்குவார்கள். அதற்குப் பிறகு ஒரு நூல் அறுத்தாலும் மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். சென்னையிலிருந்து பலகைகள் வந்து இறங்கின. அதற்குள் கொத்தனார் படிக்கு கிரானைட் போட்டிருந்தார். கீழ்ப்படி ரெண்டு அங்குலம் ஏறியிருந்தது, மேல்படி ஒன்றரை. ஒரு ஓட்டைகூட இடத்தில் உட்காரவில்லை. மறுபடி எங்கள் கைக்காசில் செய்து கொடுத்ததில் கடைக்குப் போட்ட முதல் பணத்தில் பாதி போய்விட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி நல்லாத்தான் வந்துருக்கு மொதலாளி. வீடுதான் மாறிப்போச்சு."

சொல்தா வீட்டு பால்கனி

கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சொல்தா கூப்பிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு எண்பது வயசு இருக்கும். மாடியில் அவரும், மதாம் என்று எல்லோரும் கூப்பிடும் அவர் மனைவியும் மட்டும். மதாம் இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை வருஷமாக வீல்சேரில் இருந்தார். "பால்கனி செவுத்த முழுசா எடுத்துடுப்பா. இருபத்திநாலு அடியும் கண்ணாடி போடு. அவ தெருவப் பாக்கணும். பென்ஷன்ல சேத்து வெச்சது இருக்கு" என்றார். பாய் என்னைப் பார்த்தார். இருபத்திநாலு அடி! போன முதல் திரும்பி வந்துவிடும், மச்சான் கடைக்குப் போக வேண்டாம்.

அளவு எடுக்க டேப்பை நீட்டியபோதுதான் கவனித்தேன். பால்கனி ஒடுக்கம். வீல்சேர் பால்கனி வாசற்படி வரைதான் வரும், அதற்கு மேல் திரும்ப இடமில்லை. மதாமின் பக்கத்தில் குனிந்து அவர் கண் உயரத்தில் பார்த்தேன். வெள்ளைச் சுவர், அதற்கு மேலே கொஞ்சம் வானம். அவ்வளவுதான். வாசலுக்கு நேரே நாலு அடிச் சுவரை மட்டும் எடுத்தால் போதும். மீதி இருபது அடியை அந்த அம்மா எந்த நாளும் பார்க்கப் போவதில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். டேப்பைச் சுருட்டுவதா நீட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு சொல்தாவிடம், "மிசியே, நாலு அடி போதும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஸ்கூட்டரில் திரும்பினோம். கடை வாசலில் இறங்கிய பிறகு பாய், "நானும் அதத்தான் பாத்தேன். நீ சொல்லிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நாலு அடி மாட்டிய அன்று பாய் கடைசியாக ஒரு தரம் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சொல்தா வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மதாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு மீன்காரம்மா, ஒரு ஆட்டோ, ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகள். மதாம் புருஷனைத் திரும்பிப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: "எதிர் வீட்டுக்காரி பச்ச பெயிண்ட் அடிச்சிருக்கா, ஒன்ற வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாய்யா நீ?"

கெடு முடிந்தது, கடையை மூடினோம், மச்சான் கடையில் நான் டைல்ஸ் விற்க வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒருத்தருக்கும் தேவைக்கு மேல் ஒரு அடி விற்காமல் ஒரு வருஷம் கடை நடத்தியவன் என்று இங்கே நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், மச்சான் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்; ஆனால் பில் போடும் கல்லாப் பக்கம் மட்டும் என்னை விடுவதில்லை.