உப்புப் பாத்தியில ஓடுன சிவப்புக் காரு

"இந்த ஊர்ல ஒரு ஸ்க்ரூ ஒழுங்கா ஒரு வருசம் இருக்குமா?"

எங்க அண்ணன் கிருபாநிதி காலையில எந்திரிச்சதும் சொல்லுத மொத வார்த்த இதுதான். ஜெபம்கூட இதுக்குப் பொறவுதான். தாழ்ப்பாள்ல துரு, சைக்கிள் செயின்ல துரு, மதினியோட இடியாப்ப ஒரல்ல துரு. எல்லாம் உப்புக் காத்து செய்யுத வேல. தூத்துக்குடியில குடியிருந்துக்கிட்டு, அதுலயும் உப்பளத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு, உப்புக் காத்தக் கொற சொல்லுத ஆளு இவன் ஒருத்தன்தான்.

"நீ வாருத உப்புதான உன் வீட்டுத் தாழ்ப்பாளத் திங்குது"ன்னு தங்கச்சி நான் கேப்பேன்.

"ஏளா, நான் எங்க வாருதேன்? வாருதவங்களப் பாத்துக்கிட்டுல்லா நிக்கேன்"ம்பான்.

அதும் சரிதான். புதுத் துறைமுகத்துக்குப் போற ரோட்டுக்குத் தெக்க, தளவாய் அண்ணாச்சியோட அளத்துல பத்தொம்பது வருசமா அவன் கணக்கப்பிள்ள. எந்தப் பாத்திக்கு என்னைக்குத் தண்ணி பாய்ச்சணும், எதுல உப்பு வாரணும், யாரு வேலைக்கு வந்திருக்கா, யாரு வரல்ல, இதெல்லாம் பாக்கணும். செருப்புக் காலோட வரப்புல நின்னு, குடையப் பிடிச்சிக்கிட்டுப் பாப்பான். போன தை வரைக்கும் பாத்திக்குள்ள கால வச்சதே கிடையாது. எங்க அப்பா சாத்தான்குளத்துல மிஷன் ஸ்கூல் வாத்தியார். வாத்தியார் பிள்ளைங்க சகதியில எறங்கக் கூடாதுன்னு வளத்துட்டாங்க.

இந்த ஆளப் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேப்பீங்க. அவன்கிட்ட ஒரு காரு இருக்கு. நீளம் ஒரு முழம்கூட வராது.

அதுக்கு முன்னால பழசு கொஞ்சம் சொல்லணும். அவனுக்குப் பன்னெண்டு வயசு, எனக்குப் பத்து. ஒடைஞ்ச கடிகாரத்துல இருந்து ஸ்பிரிங்க எடுத்து, பிஸ்கோத்து டின்ன வெட்டி, ஒரு காரு செஞ்சான். முன்சக்கரத்துல ரெண்டு பக்கமும் சணல் கட்டியிருக்கும். சாவி கொடுத்து விட்டுட்டு, சணலப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாலயே ஓடுவான். இடது சணல இழுத்தா இடது பக்கம் திரும்பும், வலது சணல இழுத்தா வலது பக்கம். "ஏளா, இந்தக் கயிறு இல்லாம ஓடுச்சுன்னா எப்படி இருக்கும்?"னு ஒரு நாள் கேட்டான். "கயிறு இல்லன்னா காரு அது பாட்டுக்குப் போயிரும், நீ இங்கனயே நிப்ப"ன்னேன்.

அந்த வருசம் கணக்குப் பாடத்துல அவனுக்கு மார்க் கொறஞ்சுபோச்சு. அப்பா காரத் தூக்கி அடுப்புல வச்சிட்டாங்க. அண்ணன் நின்னு பாத்தான். போயிப் புஸ்தகத்த எடுத்து உக்காந்துட்டான். அதுக்குப் பொறவு முப்பது வருசம் ஒரு வண்டி செய்யல்ல, காருன்னு வாயத் தொறக்கல்ல. ஒரு சத்தம் போட்டு அழுதிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எழுபத்தேழாம் வருசம் ஐப்பசியில, எங்க தெருவுல இருக்குத ஹில்டா வீட்டுக்கு மதினி போனா. ஹில்டாவோட வீட்டுக்காரர் கப்பல்ல வேல பாக்குதவர். ஜப்பான்ல இருந்து ஒரு சிவப்புக் காரு கொண்டாந்திருக்கார். ரேடியோவுல ஓடுத காரு. கையில ஒரு பெட்டி, அதுல இழுத்து நீட்டுத ஏரியல் கம்பி. பெட்டியில இருக்குத குச்சியத் தள்ளுனா அங்கன தூரத்துல காரு ஓடும். ஓடும்னு பேரு. வந்து ஒரு மாசத்துல நின்னுபோச்சு. பீரோ மேல தூசியடைஞ்சு கெடந்தது.

"உங்க வீட்டுக்காரர் எதையாவது நோண்டிக்கிட்டுத்தான இருப்பாவ, கொண்டு போங்கக்கா"ன்னு ஹில்டா தூக்கிக் கொடுத்திட்டா. மதினி தேவகனியும் வாங்கிட்டு வந்துட்டா. அதுக்கு இன்னும் தன்னையே திட்டிக்கிட்டிருக்கா.

நான் மீன்கொழம்பு கொடுக்கப் போறேன், அண்ணன் அத மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கான். தொடல்ல.

"என்ன, பொண்ணு பாக்கியா?"

"இதுல கயிறு இல்லளா"ன்னான்.

மூணு வாரம் அந்த மேசையில யாரும் சோறு திங்கல்ல. மண்ணெண்ணெயில கழுவுனான், பல் தேய்க்குத பிரஷ்ஷ வச்சுத் தேச்சான். அரிச்சுப்போன வயர எடுத்துட்டு, பழைய டிரான்சிஸ்டர்ல இருந்து வயர உருவிப் பத்தவச்சான். வாட்சு ரிப்பேர் பாக்குத சங்கரலிங்கம் கடையில குந்தியிருந்து எள்ளுப்போல ஸ்க்ரூ எல்லாம் பொறுக்கிட்டு வந்தான். மதினிக்கு வேற கவல. "இதுக்கு லைசென்ஸ் உண்டா?"ன்னு ஒரே பிடியா நின்னா. வீட்டு ரேடியோவுக்கே வருசா வருசம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் புதுப்பிக்கணும்லா. அண்ணன் போயிக் கேட்டான்.

கவுண்டர்ல இருந்தவர், "இதுல செய்தி கேக்குமா?"ன்னார்.

"கேக்காது."

"பாட்டு?"

"அதும் கேக்காது."

"பின்ன என்ன எழவுக்குவே லைசென்ஸ்?"

காரு ஓட ஆரம்பிச்சிட்டு, ஆனா தெருவுல ஓட்ட வழியில்ல. கல்லு, சாக்கட, ஆடு. மழை முடிஞ்சதும் அளத்துக்குக் கொண்டு போயிட்டான். வேல முடிஞ்ச பொறவு, உப்பு வண்டி போற மண்தடத்துல ஓட்டுவான். காரு அவன விட்டுப் போகும்போது ஒழுங்காத்தான் ஓட்டுவான். திரும்பி அவனப் பாத்து வரும்போதுதான் கேடு. அப்ப காருக்கு எது இடதோ அது அவனுக்கு வலது. கை குழம்பிப்போயி வாய்க்கால்ல கொண்டு விட்ருவான்.

அளத்துப் பொம்பளைங்க டீயக் குடிச்சிக்கிட்டு வேடிக்க பாப்பாங்க. அவங்களுக்குத் தலைவி ஆறுமுகத்தாய். அம்பது வயசு இருக்கும், யாருக்கும் பயப்படாத மனுசி.

"கணக்கப்பிள்ள, நீங்க இங்கன நின்னு ஓட்டுதீக. அதான் முட்டுது. அதுக்குள்ள ஏறி உக்காந்துல்லா ஓட்டணும்"ன்னா.

"இதுக்குள்ள என் பெருவிரல்கூட போகாதே, ஆறுமுகத்தாய்."

"ஒடம்ப யாரு கேட்டா? நெனப்ப உள்ள வைங்க."

அன்னைக்கு நானும் அங்கன இருந்தேன். மழைக்குப் பொறவு அளத்தப் பாத்திருக்கீங்களா? பாதிப் பாத்தியில தண்ணி நிக்கும், அதுல வானம் கெடக்கும். நம்ம காலுக்குக் கீழ மேகம் போகும். துறைமுகத்துல நிக்குத கப்பல் எல்லாம் தண்ணியில இல்லாம தரையில வந்து நிக்குத மாதிரி இருக்கும். எது பக்கம், எது தூரம்னு தெரியாது. அதுக்கு நடுவுல அந்தச் சிவப்பு வண்டி போச்சு. போயிப் போயி ஒரு குன்னிமுத்து அளவுக்குச் சின்னதாச்சு. அங்கன நின்னு, மெதுவாத் திரும்பி, எங்களப் பாத்து வந்தது. வாய்க்கால் பக்கம் சாயல்ல. நேரா வந்து அண்ணன் செருப்பு முன்னால நின்னது. அவன் முகத்தப் பாத்தேன். கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆளு அங்கன இல்ல. காரு திரும்பும்போது இவன் தோளும் சாஞ்சிருக்கு.

"காதுல காத்து அடிச்சுதுளா"ன்னான். எல ஆடாத சாயங்காலம் அது.

அதோட நிறுத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்.

தை மாசம் உப்புப் பாத்தியத் தயார் பண்ணுவாங்க. சகதிய அள்ளிட்டுத் தரைய மிதிச்சு இறுக்கணும். பதினோரு பொம்பளைங்க, ஒருத்தி இடுப்ப ஒருத்தி பிடிச்சிக்கிட்டு, வரிசையா நின்னு கால மாத்தி மாத்தி மிதிப்பாங்க. நாள் கணக்கா மிதிக்கணும். தர இறுகுனாத்தான் உப்புல மண்ணு ஏறாம வெள்ளையா எறங்கும். மிதிச்ச பாத்தியக் காயப்போட்டுட்டுத்தான் தண்ணி பாய்ச்சுவாங்க. அதுவரைக்கும் நாயக்கூட விட மாட்டாங்க.

அந்தத் தையில பெரிய பாத்தி ரெண்ட சனிக்கிழம மிதிச்சு முடிச்சிட்டுப் போயிருக்காங்க. மறுநாள் ஆராதன முடிஞ்சதும் அண்ணன் கார எடுத்துக்கிட்டு அளத்துக்குப் போயிட்டான், நான் அவனுக்குச் சோறு கொண்டு போனேன். பாத்தி கல்யாண மண்டபத்துத் தர மாதிரி கெடக்கு. ஒரு கீறல் கிடையாது. அண்ணன் வரப்புல குந்தி, ஒரு விரல வச்சு அமுக்கிப் பாத்தான்.

"காஞ்சிட்டு"ன்னான்.

சோத்தக்கூடத் தொடல்ல, காரத்தான் எடுத்து வச்சான். அது ஓடுச்சு பாருங்க, அப்படி அது ஓடி நான் பாத்ததில்ல. மண்தடத்துல குதிச்சுக் குதிச்சுப் போற வண்டி இங்கன வழுக்கிக்கிட்டுப் போச்சு. வட்டம் போட்டது, எட்டுப் போட்டது. வெயில்ல தரையே தெரியல்ல, வெறும் வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்துல சிவப்பா ஒண்ணு நீந்துச்சு. நாப்பத்திரண்டு வயசு ஆளு வாயத் தொறந்து சிரிச்சிக்கிட்டு நிக்கான். எனக்கும் வீட்டுல அரிசி ஊறப்போட்ட ஞாபகம் போயிட்டு. பேட்டரிக் கட்ட தீந்த பொறவுதான் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

மேல்தோல்தான் காஞ்சிருந்திருக்கு. அடியில இன்னும் எளக்கம். எனக்குத் தெரியாது, சரி. பத்தொம்பது வருசம் கணக்கப்பிள்ளையா இருந்தவனுக்குத் தெரியணும்லா? வரப்புல நின்னே பாத்தவனுக்குத் தர எப்பக் காயும்னு கண்ணுதான் சொல்லும். மிதிக்குதவங்களுக்கு உள்ளங்கால் சொல்லும்.

திங்கக்கிழம நடந்தத ஆறுமுகத்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடிஞ்சு பாத்தா, ரெண்டு பாத்தியிலயும் சக்கரத் தடம். வளைஞ்சு வளைஞ்சு, கோலம் போட்ட மாதிரி. தடத்துல எல்லாம் ஈரம் மேல ஏறி நிக்கு. அப்படியே தண்ணி பாய்ச்சுனா உப்பு செம்மண் நெறத்துலதான் எறங்கும். பொம்பளைங்க மிதிச்ச அத்தன நாளும் வீண். அந்நேரம் பாத்துத் தளவாய் அண்ணாச்சி வந்துட்டார்.

"கிருபாநிதி, என்னவே இது? பாம்பு கூட்டம் போட்டுதா?"

"நான்தான் அண்ணாச்சி. காரு ஓட்டுனேன்."

"எத்தன பேரு ஏறுன காரு?"

"பொம்மக் காரு அண்ணாச்சி."

"அத இப்பமே கொண்டு கடல்ல போட்டுட்டு வாரும். இல்ல, வேற அளத்துல வேல பாத்துக்கிடும்."

அண்ணன் கார எடுத்துக் கையில வச்சிக்கிட்டு நின்னிருக்கான். கடல் ஒண்ணும் தூரமில்ல. இந்த எடத்த ஆறுமுகத்தாய் சொல்லும்போது எனக்கு அந்தப் பழைய அடுப்புதான் ஞாபகம் வந்தது. போட்டிருப்பான், ஒரு வார்த்த பேசாமப் போட்டுட்டு வந்து குடையப் பிடிச்சிருப்பான்னுதான் நெனச்சேன்.

"போட மாட்டேன் அண்ணாச்சி"ன்னிருக்கான். "பாத்திய நான் சரியாக்கித் தாரேன்."

"எப்படித் தருவீரு?"

"மிதிச்சு."

பொம்பளைங்க சிரிச்சிட்டாங்க. அண்ணாச்சி ஆறுமுகத்தாயப் பாத்து, "உன் பாத்தி. நீ என்ன சொல்லுத?"ன்னார்.

"காரக் கடல்ல போட்டா தடம் போயிருமா, அண்ணாச்சி? மிதிக்கட்டும். ஆனா எங்க வரிசையில நிக்கணும். செருப்பு கிடையாது, குட கிடையாது. நான் போதும்னு சொன்னாத்தான் போதும்."

"சரி. நீ மூணு நாள்ல போதும்னு சொல்லலன்னா, காரு கடலுக்கு"ன்னுட்டு அண்ணாச்சி போயிட்டார்.

அண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டி எறங்குனான். மொத நாள் அவனுக்குக் கால் மாத்தவே வரல்ல. இவன் தப்பா வைக்க, வரிச மொத்தமும் தடுமாறும். "வாத்தியார் மகனுக்கு ஒண்ணு ரெண்டு வரலயே"ன்னு ஒருத்தி சொல்ல, "ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஆரம்பிப்போம்"னு இன்னொருத்தி சொல்ல, அன்னைக்குப் பூரா அவனக் காய்ச்சி எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்தான், ரெண்டு பாதமும் உப்புத் தண்ணியில வெடிச்சு ரத்தம். மதினி தேங்கா எண்ணயத் தேச்சுக்கிட்டே திட்டுனா. "இந்தப் பாதத்த வெலையாக் கொடுத்து ஒரு பொம்மைய வாங்கணுமா?"ன்னா. "வாங்கல்ல தேவகனி, விடாம இருக்கேன்"னான்.

ரெண்டாம் நாள் நான் போயிப் பாத்தேன். பன்னெண்டு பேரு வரிச. நடுவுல இவன் ஒருத்தன்தான் ஆம்பள. ஆறுமுகத்தாய் இடுப்புச் சேலையப் பிடிச்சிருக்கான். வெதுவெதுன்னு சகதி. சளப், சளப்னு ஒரே சத்தம். அந்த வரிச ஒரு ஆளு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போகுது, தொட்டில ஆட்டுத மாதிரி. பாத்துக்கிட்டு நின்ன எனக்கே கண்ணு சொக்குச்சு. அண்ணன் கண்ண மூடிக்கிட்டிருந்தான். கால் தப்பல்ல.

மூணாம் நாள் மத்தியானம் வரைக்கும் ஆறுமுகத்தாய் போதும்னு சொல்லல்ல. இவனும் கேக்கல்ல. சாயங்காலம் ஆகப்போகுது. பாத்தியப் பாத்தா எல்லாருக்கும் முடிஞ்ச மாதிரிதான் தெரியுது. அப்ப அண்ணன் ஒரு எடத்துல நின்னுட்டான்.

"இங்கன இன்னும் எளக்கமா இருக்கு"ன்னான்.

மேல பாத்தா ஒண்ணும் தெரியல்ல. ஆறுமுகத்தாய் வந்து அந்த எடத்துல கால வச்சா. அமுக்கிப் பாத்தா. குதிங்காலத் திருப்பிப் பாத்தா. அங்கன எளக்கமாத்தான் இருந்திருக்கு. எல்லாரும் திரும்பி வந்து அந்த எடத்த மிதிச்சாங்க. முடிச்சதும் அவ சேலையில கையத் தொடைச்சா.

"போதும்"ன்னா.

தளவாய் அண்ணாச்சி வந்து பாத்தார். காரப் பத்திப் பேசல்ல. "வடக்கு ஓரத்துல உப்புப் பிடிக்காத பாத்தி ஒண்ணு சும்மாத்தான கெடக்கு"ன்னு யாருக்கோ சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்தப் பாத்திய அண்ணன் ஒத்தையில மிதிச்சான். நாலு ஞாயித்துக்கிழம. ஓய்வுநாள்ல வேல செய்யலாமான்னு மதினி கேட்டா. "வேல எங்க செய்யுதேன், ஒரே எடத்துல நடக்கேன்"ன்னான். ஆறுமுகத்தாய் வரப்புல நின்னு, அங்கன மிதிங்க, இங்கன மிதிங்கன்னு அதிகாரம் பண்ணுவா. அவ கையில இப்ப குட.

மாசி முடியுத சமயம் கார அதுல விட்டான். இப்ப ஆறுமுகத்தாயும் ஓட்டுதா. இவன விட நல்லா ஓட்டுதா, அத அவன்கிட்ட சொல்லாதீங்க.

தூத்துக்குடிப் பக்கம் வாரவங்க ஒரு ஞாயித்துக்கிழம போயி அவங்களப் பாருங்க. துறைமுக ரோட்டுல எறங்கி, தளவாய் அண்ணாச்சி அளம்னு கேட்டா யாருன்னாலும் காட்டுவாங்க. மூணு மணிக்கு முன்னால போகாதீங்க, மண்ட காஞ்சிரும். ஐப்பசி மழ எறங்குததுக்குள்ள போங்க. கூடப் பேட்டரிக் கட்ட ஆறு வாங்கிட்டுப் போனா, உங்க கையிலயும் பெட்டியக் கொடுப்பான்.