ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே

கெலிஓயா சந்தியில் சாரமும் சட்டைத்துணியும் விற்கிற பவாஸ் நானாவுக்குப் பிழை பொறுக்காது. யாருடைய பிழையாக இருந்தாலும் பொறுக்காது, தன்னுடையதைத் தவிர.

எங்கள் ஊர் ஆண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மவுத்துச் செய்தி, அதாவது ஜனாஸா அறிவித்தல், போடுவதற்காகத் தொடங்கியது. மவுத்தானவரை அன்றைக்கே அடக்கிவிடுவோம் என்பதால், அதில் வருகிற அறிவித்தல்தான் எங்களுக்கு அழைப்பு. அதைப் பார்த்துத்தான் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுகிறோம். மற்ற நேரங்களில் தண்ணீர் வெட்டு, காணாமற்போன ஆடு, ஹதீஸ் என்று நபிமொழி எல்லாம் வரும். எது வந்தாலும் பவாஸ் நானா திருத்துவார்.

"இது போன வருஷத்து நோட்டீஸ். பார்த்துப் போட ஏலாதா?" "இந்த ஹதீஸ் எந்தக் கிதாபில இருக்கு? ஆதாரம் காட்டவும்." உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. தனியாக இன்பொக்ஸில் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஊரே பார்க்கச் சொல்வதில் மனிதருக்கு ஒரு ருசி.

அவருடைய மனைவி கைரியா தாத்தா தங்கமான மனுசி. எங்கள் ஊரில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் கூப்பிடுவோம். கடைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறபோது அவர் போனைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் சொல்வார். "நீங்க செல்றது சரிதான். அதுக்காக ஆக்கள நோகடிக்கணுமா?"

"பிழைய பிழைன்னு செல்லாம வேற என்னன்னு செல்ற?" என்பார் இவர்.

பிறகு பளீல் மாமா மவுத்தானார். குரூப்பை நடத்துகிற ருஷ்தியின் வாப்பா. ருஷ்தி போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறவன், கெட்டவன் இல்லை. அழுதுகொண்டே அறிவித்தலை அவனே எழுதிப் போட்டான். வாப்பாவின் பெயருக்கு முன்னால் 'அல்ஹாஜ்' என்று வைத்தான். மக்காவுக்குப் போய் ஹஜ் செய்தவர்களுக்கு வைக்கிற பட்டம் அது. கீழே ஒவ்வொருவராக அவருக்காகப் பிரார்த்தித்து துஆ எழுதிக்கொண்டு வந்தோம். நடுவில் பவாஸ் நானா எழுதினார்: "பளீல் மாமா உம்ராவுக்குத்தான் போனவர். ஹஜ் செய்யவில்லை. அல்ஹாஜ் என்று போடுவது பிழை. மாற்றவும்."

அது மெய். உம்ராவுக்கு எந்த மாதமும் மக்காவுக்குப் போய்வரலாம், ஹஜ் வேறு. பளீல் மாமாவுக்கு ஹஜ் முறை வந்த வருஷம்தான் அவர் பாரிசவாதத்தில் விழுந்தார். அந்த மனிதரின் மனக்குறை தெரிந்துதான் ஊர் அவரை ஹாஜியார் என்று கூப்பிட்டது. வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ருஷ்தியிடம் யாரோ ஒரு புண்ணியவான் அந்த மெசேஜைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

ருஷ்தி அடக்கம் முடிந்ததும் பவாஸ் நானாவைக் குரூப்பிலிருந்து தூக்கினான். அறிவித்தலுக்குக் கீழே திருத்தம் எழுதுகிறவர் நீக்கப்படுவார் என்று சட்டமும் போட்டான். நாங்கள் எல்லாரும் பெருவிரலை உயர்த்தினோம்.

போய் ஒரு ஸலாம் சொல்லி மாப் கேட்டுவிட்டு வரும்படி கைரியா தாத்தா மன்றாடினார். "நான் பொய்யா செல்லின?" என்று பவாஸ் நானா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வாய்த்த புத்தி அவ்வளவுதான்.

அடுத்த நோன்புக்கு முன்னால் கைரியா தாத்தா ஆஸ்பத்திரியில் மவுத்தானார். காலை நேரம். அவர் பிறந்த ஊர் கடுகண்ணாவை, வாகனத்தில் போக வேண்டிய தூரம். தன்னை உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அங்கே அடக்குவதென்று வீட்டார் முடிவெடுத்தார்கள். ஜனாஸாத் தொழுகையில் எத்தனை பேர் நின்று துஆ கேட்கிறார்களோ அந்தளவுக்கு மையத்துக்கு நல்லது. கடைசியாக ஒருவருக்குச் செய்யக்கூடியது அதுதான். மனைவிக்குப் பள்ளி நிறைய ஆள் நிற்க வேண்டும் என்பதைத் தவிர பவாஸ் நானாவுக்கு அன்று வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ருஷ்திக்குச் செய்தி வேறு யார் மூலமோ போய்விட்டது. கெலிஓயாக்காரருக்குக் கெலிஓயாவில்தானே அடக்கம் என்று நினைத்து, 'லுஹரின் பின் கெலிஓயா மையவாடியில்' என்று போட்டுவிட்டான். பவாஸ் நானாவின் மருமகன் அம்ஜத் பதறிப்போய் அதற்குக் கீழேயே எழுதினான், கடுகண்ணாவை என்று. நாங்கள் பார்ப்பதற்குள் ருஷ்தி அதை அழித்தான். அம்ஜத்தையும் தூக்கினான். "மருமகனும் திருத்த வந்துட்டார்" என்று கடையில் நின்றவர்களிடம் சொன்னானாம்.

பவாஸ் நானாவின் நம்பரை ருஷ்தி எப்போதோ புளொக் பண்ணியிருந்தான். மகள் ஸஹ்ராவின் போனை வாங்கி அவனுக்கு எடுத்தார்.

"ருஷ்தி, எடம் பிழையா ஈக்கி. கடுகண்ணாவ. கொஞ்சம் மாத்திப் போடுங்க."

மறுமுனையில் போட்டோகொப்பி மெஷின் ஓடியது.

"மாப் கேக்கிறன் ருஷ்தி. இது என்ட பொஞ்சாதிட ஜனாஸா."

"அண்டைக்கி நீங்க திருத்தினது என்ட வாப்பாட ஜனாஸாவ" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

பிறகு மாற்றத்தான் செய்தான். நாங்கள் கைகால் கழுவி வுளூ செய்து, போனைச் சத்தமில்லாமல் வைத்து, தொழுகைக்கு நின்ற பிறகு கடுகண்ணாவை என்று வேறொரு அறிவித்தல் போட்டான். தொழுதுவிட்டு வெளியே வந்து ஜனாஸா வருமென்று பள்ளி முற்றத்தில் காத்து நின்றோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் எந்த ஜனாஸாவிலும் கண்டதில்லை. பவாஸ் நானாவுக்காக இல்லை, கைரியா தாத்தாவுக்காக வந்த சனம். யாரோ போனைத் திறந்து பார்த்துச் சொன்னபோது கடுகண்ணாவையில் மண் போட்டு முடிந்திருந்தது. அங்கே ஒன்றரை வரிசைதான் நின்றதாம். அதிலும் அரைவாசிப் பேர் அந்தப் பள்ளிக்குத் தொழ வந்த வழிப்போக்கர்கள். ருஷ்திக்கு வலித்தது எனக்கும் தெரியும். அதற்காக ஒரு மையத்திடமா கணக்குத் தீர்ப்பது?

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மவுத்து வீட்டுக்குப் போனேன். பவாஸ் நானா முன்னறையில் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார்.

"ஒங்கட போன ஒருக்கா தாங்க. குரூப்ப பாக்கணும்."

கொடுத்தேன். அந்தப் பிழையான அறிவித்தலுக்குக் கீழே ஊர் முழுக்க துஆ எழுதியிருந்தது. ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார். முடிய நெடுநேரம் எடுத்தது.

"இவ்வளவு பேரும் வந்தாங்களா?"

"வந்தோம் நானா."

"எங்க?"

அவருக்குத் தெரியும்.

"கெலிஓயாக்கு" என்றேன்.