ஸ்மார்ட் போர்டில் இரண்டு விரிசல்

வரலாற்றைச் சுவையாக நடத்தச் சொன்னார்கள். நானும் இன்று ஒன்பதாம் வகுப்பில் ஏஐயை அந்தக் காலத்து வெள்ளைக்கார முத்துக்குளிப்பு அதிகாரியாகப் பேசவிட்டேன். "கொஞ்சம் கொடூரமாகப் பேசு" என்று கேட்டுக்கொண்டதும் சாட்சாத் நான்தான்.

போர்டில் சாட்டை சொடுக்கியது. "முத்தை விழுங்கியவன் முதுகுத் தோலை உரி!"

கடற்கரைத் தெரு ஜெனிட்டா எழுந்தாள். "ஏலே, முங்கி எடுத்தது எங்க பாட்டன். முத்து ஒனக்கா?"

"உன் பாட்டன் திருடன். வயிற்றைக் கிழியுங்கள்!"

டிபன் பாக்ஸ் என் காதை உரசிக்கொண்டு பறந்தது. போர்டில் விரிசல். நான் மேசைக்கு அடியில்.

தலைமையாசிரியை ஓடிவந்தார். "ஏளா, மெஷின் பேசுனதுக்கா அடிப்ப? இன்னைக்கே ஒனக்கு டிசி!"

ஜெனிட்டா அழுதாள்.

"என்ன பேசுச்சுன்னு நீங்களும் ஒரு தடவை கேட்டுருங்க, மேடம்" என்று மறுபடி ஓடவிட்டேன். மேடமும் முத்துக்குளித்த வேம்பார்க் கடற்கரையில் பிறந்தவர் என்பது, சத்தியமாக, அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை.

முழுதும் கேட்டவர் போர்டை நெருங்கினார். "யாருல திருடன்?"

"நீயும் அந்த வம்சம்தானே?" என்றது அது.

மேசையிலிருந்த உலக உருண்டை பறந்தது.

இப்போது போர்டில் இரண்டு விரிசல். டிசி பேச்சை மேடம் எடுக்கவே இல்லை.

நாளைக்குப் பாடம் வெள்ளைக்காரன் போட்ட உப்பு வரி. வகுப்பில் பாதி உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். யாரிடமாவது நல்ல ஹெல்மெட் இருக்கிறதா?