முதல் தரம் என்று எழுத மறுத்த ஷரீபா

கோச்சடையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு தகர ஷெட். வாசலில் எந்நேரமும் சீட் கழற்றிய கார் ஒன்றாவது நிற்கும். ‘சிராஜ் – ஷரீபா கார் சீட் ஒர்க்ஸ்’ என்று போர்டு. முதல் தடவை வருகிறவர்கள் ஷரீபாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “பாய் இல்லையா?” என்று கேட்பார்கள்.

“பாய் தைக்கிறாரு. என்ன போடணும்னு எங்கிட்டத்தான் பேசணும்” என்பாள்.

சிலர் அதற்குப் பிறகும் சிராஜிடம் போய் நிற்பார்கள். அவன் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மனைவி இருக்கும் பக்கம் கையைக் காட்டுவான்.

அவள் பிறந்தது திண்டுக்கல். பத்தொன்பது வயதில் அங்கே ‘தோல் ஷாப்’ எனப்படும் பதனிடும் ஆலை ஒன்றில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனாள். நீளமான மேஜையைச் சுற்றி நாலு ஆண்கள் நின்று பதனிட்ட தோல்களை விரித்துப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் சொல்வார்கள். சொன்ன எண்ணை அவள் ஒட்ட வேண்டும். ஆறு மாதத்தில் அவர்கள் வாயைத் திறக்குமுன்பே சரியான லேபிள் அவள் விரலில் இருந்தது. ஒருநாள் மேஸ்திரி இரண்டு என்று சொன்ன தோலுக்கு மூன்று ஒட்டினாள்.

“ரெண்டுன்னுல்ல சொன்னேன்.”

“கழுத்துப் பக்கம் பொடிப்பொடியா ஓட்டை இருக்குண்ணே. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.”

அவர் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்தது. ஆனாலும் லேபிளைக் கிழித்துவிட்டு இரண்டை ஒட்டினார். அவள் அதைக் கிழித்துவிட்டு மறுபடி மூன்றை ஒட்டினாள். அதற்காக இரண்டு வாரம் குடோனில் மூட்டை அடுக்கவிட்டார்கள். குடோனுக்கும் சிரித்த முகமாகத்தான் போனாள். மூன்று மாதம் கழித்து வெளிநாட்டுக்குப் போன சரக்கு ஒன்று இதே மாதிரி ஓட்டைகளுக்காகத் திரும்பி வந்தது. முதலாளி விசாரித்தபோது விஷயம் வெளியே வர, அந்த மேஜையில் ஐந்தாவது ஆளாக அவளை நிறுத்தினார். பதினோரு வருஷம் நின்றாள். தோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும் என்ற நிலை வந்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணமே நடந்தது.

சிராஜ் மதுரையில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைத்துக்கொண்டிருந்தவன். நல்ல கை. ரெக்ஸினைத் தவிர வேறெதையும் அதிகம் தொட்டதில்லை. ஷரீபா வந்த பிறகுதான் கடைக்குள் தோல் வந்தது. தோல் வந்ததும் பெரிய கார்கள் வந்தன.

அப்படித்தான் ஒரு சொகுசுக் கார் ஷோரூமின் வேலையும் வந்தது. அங்கே உதிரி அலங்காரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அசோக்குமார். காரோடு வரும் சீட் பிடிக்காதவர்களுக்குத் தோல் சீட் போட்டுக்கொடுப்பது அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் முன் ஓர் ஆல்பத்தை விரிப்பார். அதில் மூன்று துண்டுகள் இருக்கும். மூன்றாம் தரம், அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. இரண்டாம் தரம், மேல்தோலில் இருக்கும் தழும்புகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, கெட்டியாகச் சாயம் கொடுத்து, உருளையில் அழுத்தி அசல் போலவே ரேகையும் தழும்பும் பதித்தது. முதல் தரம், மாட்டின் மேல்தோல் தேய்க்காமல் அப்படியே இருப்பது. ரோமக்கால்கள் தெரியும், தொட்டால் கதகதப்பாக இருக்கும். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த தோலை ஷோரூமே வாங்கி அனுப்பும். இவர்கள் வெட்டித் தைத்து மாட்டிக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஓர் அட்டையில், இன்ன தரம் என்று எழுதி ஷரீபா கையெழுத்துப் போட வேண்டும். அந்த அட்டையைக் கார்க்காரர் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

ஒரு வருஷம் இது ஒழுங்காக நடந்தது. பிறகு விருமாண்டியின் கார் வந்தது.

விருமாண்டி நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் நாற்பது கறவை மாடு வைத்திருக்கிறவர். நாலு பால் டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருந்தார். ஷோரூமில் முதல் தரத் துண்டைப் பத்து நிமிஷம் தடவிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

காரும் ஐந்து தோல் சுருள்களும் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கின. ஷோரூம் டேப் ஒட்டிய சுருள்களில் ஒன்றை மட்டும் பிரித்து மேஜையில் விரித்தாள் ஷரீபா. ஒரு தடவை உள்ளங்கையை ஓட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சாக்பீஸை எடுத்து ஓரிடத்தில் சின்ன வட்டம் போட்டாள். ஒரு சாண், அப்புறம் நாலு விரல் அளந்து இன்னொரு வட்டம். மறுபடி அளந்து இன்னொன்று.

“மச்சான், மெஷின நிறுத்துங்க.”

சிராஜ் எழுந்து வந்து பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. “ரெண்டாந் தரம்” என்றான் மெதுவாக.

ஷரீபா உடனே அசோக்குமாருக்குப் போன் செய்தாள். சரக்கு மாறி வந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். மறுபக்கம் அவர் சிரித்தார்.

“மாறியெல்லாம் வரலக்கா. மொதத் தரம் கிடைக்க ரெண்டு மாசம் ஆவும். அவரு பால்காரரு, அவருக்கு என்ன தெரியப்போவுது. நீங்க தைச்சு விடுங்க.”

“அட்டையில என்ன எழுத?”

“எப்பவும் போல எழுதுங்க.”

“எப்பவும் உள்ளதத்தான் சார் எழுதிருக்கேன். இப்பவும் உள்ளத எழுதுறேன். ரெண்டாந் தரம்னு.”

அசோக்குமார் குரலை இறக்கினார். தைக்கிறவர்களின் வேலை தைப்பது, தரம் பார்ப்பது ஷோரூமின் வேலை என்றார். இதைவிடப் பக்கத்திலேயே நாலு கடை இருக்கிறது என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். “அப்ப அந்த நாலு கடையில ஒருத்தர கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் கத்திரி வைக்க மாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சிராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். கோபப்படுகிறவன் இல்லை அவன். அதனாலேயே அவன் பேசும்போது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

“மாசத்துல பாதி வேலை அங்கிருந்துதான் வருது, ஷரீபா. ரெண்டாந் தரம் ஒண்ணும் மட்டமான தோல் இல்ல. பத்து வருசம் உழைக்கும். மெஷின் ஓடணும்ல?”

“ஓடட்டும். அதுக்கு எம் பேர எண்ணெயா ஊத்த மாட்டேன்.”

“ஒரு அட்டைதான புள்ள.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. அட்டையில வேற ஒண்ணுமே இல்ல மச்சான், எங் கையெழுத்து மட்டுந்தான் இருக்கு.”

அவன் மதிய லுஹர் தொழுகைக்குப் போய்விட்டான். அவள் அந்தத் தோலைச் சுருட்டாமல் மேஜையிலேயே விட்டுவைத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அசோக்குமார் நேரிலேயே வந்தார். தோலையும் காரையும் எடுத்துக்கொண்டு போக ஆளோடு வந்திருந்தார். அவர் போதாத காலம், விருமாண்டியும் அன்றைக்கே, தன் கார் சீட் வேலை எம்புட்டு தூரம் முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் செல்போன், காலில் சாணம் காய்ந்த செருப்பு.

“என்ன தம்பி, காரை எங்க கொண்டு போறீக?”

அசோக்குமார் கையிலிருந்த கார்ச் சாவியைப் பைக்குள் போட்டார். பிறகு, “இந்தக் கடையில வேலை சரியில்ல சார். வேற எடத்துல குடுக்கப் போறோம்” என்றார்.

“என்ன சரியில்ல?” என்று கேட்டாள் ஷரீபா.

அவளே விருமாண்டியைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணே, நீங்க கேட்டது மொதத் தரம். வந்திருக்கது ரெண்டாந் தரம். நான் மொதத் தரம்னு எழுதித் தர மாட்டேன்னுட்டேன். அதான் சரியில்ல.”

அசோக்குமாரின் முகம் சிவந்தது. “நாங்க அனுப்புனது மொதத் தரம் சார். மாறியிருந்தா இங்கதான் மாறியிருக்கணும்” என்றார்.

விருமாண்டி ஷரீபாவை ஏற இறங்கப் பார்த்தார். “மாத்திட்டியாம்மா?” என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. சிராஜ் மெஷினை விட்டு எழுந்துவிட்டான். அவனை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

“நாலு சுருள் இன்னும் பிரிக்கல. ஷோரூம் டேப் அப்படியே இருக்கு. நீங்களே ஒண்ண எடுத்துப் பிரிங்க.”

அவர் கத்தியை வாங்கி, அடியில் கிடந்த சுருளை இழுத்து டேப்பை அறுத்தார். ஷரீபா அதை விரித்துவிட்டு விலகி நின்றாள்.

“நாப்பது மாடு வச்சிருக்கீக. உண்ணி கடிச்ச தழும்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். இந்தா இருக்கு பாருங்க, சின்னதா ஒரு பள்ளம், பக்கத்துல வளைஞ்ச கீறல்.” சாக்பீஸால் வட்டம் போட்டாள். “இப்ப இங்கருந்து ஒரு சாண், நாலு விரல் அளங்க.”

விருமாண்டி குனிந்து அளந்தார். அங்கேயும் அதே பள்ளம், அதே வளைந்த கீறல். அளந்துகொண்டே போனார். மேஜையின் மறுமுனை வரை ஏழு இடத்தில் இருந்தது. நேற்று பிரித்த தோலிலும் அதுவே இருந்தது.

அவர் நிமிர்ந்தார். “ஏழு உண்ணியும் அளவெடுத்தா கடிக்கும்?” என்றார் அசோக்குமாரிடம்.

“உருளையில பதிச்ச டிசைன் சார் அது...”

“டிசைன்னா டிசைன்னு சொல்லி வித்திருக்கணும். மாடுன்னு சொல்லி ஏன் வித்த?”

அதற்கு மேல் அவர் சத்தம் போடவில்லை. தோல் ஷோரூமுக்கே போகட்டும், அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கார் இங்கேயே நிற்கட்டும் என்றார். அசோக்குமார் போகும்போது ஷரீபாவிடம், “இனிமே எந்த ஷோரூம்லருந்தும் உங்களுக்கு வேலை வராதுக்கா” என்றார்.

“வரலேன்னா பரவால்ல. போயிட்டு வாங்க” என்றாள்.

விருமாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சந்தேகப்பட்டுக் கேட்டுட்டேன். மனசுல வைக்காத தங்கச்சி. நீயே நல்ல மொதத் தரமா வாங்கிப் போட்டுக் குடு.”

ஷரீபா தலையாட்டவில்லை. “காருல யாரு போவாக?”

“நான், வீட்டுல, பேரப்புள்ளைக மூணு. தோட்டத்துக்கும் இதுலதான் போவேன்.”

“வெயில்லயா நிக்கும்?”

“பின்ன, மாட்டுக் கொட்டாயிலயா கட்ட முடியும்?”

“அப்ப மொதத் தரம் உங்களுக்கு லாயக்கில்லண்ணே. பூச்சுக் கம்மி. வேர்வையும் எண்ணெயும் உள்ள இறங்கும், வெயில்ல நிறம் மாறும். புள்ளைக மில்க் ஷேக்கக் கொட்டுனா அம்புட்டுதான். ரெண்டாந் தரம் துடைச்சா போயிரும்.”

விருமாண்டி அவளை உற்றுப் பார்த்தார். “இம்புட்டு நேரம் ரெண்டாந் தரம்னுதானம்மா சண்டை போட்ட?”

“ரெண்டாந் தரத்த ரெண்டாந் தரம்னு சொல்லிக் குடுக்கலன்னுதாண்ணே சண்டை.”

அவர் எழுந்து போய்க் காரின் முன் கதவைத் திறந்து பார்த்தார். “பின்னாடி ரெண்டாந் தரம் போடு, புள்ளைக ஏறி மிதிக்கட்டும். முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் மொதத் தரந்தான். நிறம் மாறுனா மாறிட்டுப் போவுது. நானும் என் பொஞ்சாதியும் உக்கார்ற எடம். எவன் பால்காரனுக்கு என்னத்துக்குன்னு கேட்டாலும் அதான் வேணும்” என்றார்.

ஷரீபா திண்டுக்கல்லுக்கே போய் ஒரு பகல் முழுக்க நின்று தோல்களைப் பொறுக்கி எடுத்து வந்தாள். சிராஜ் மூன்று வாரம் தைத்தான். அந்த நாட்களில் முதல் நாலு நாள் அவளோடு பேசவே இல்லை. ஐந்தாம் நாள் முன் சீட்டின் ஓரத் தையலைக் காட்டி, “இது போதுமா?” என்று கேட்டான். போதும் என்றாள். கடையின் பெயரில் புதிதாக அச்சடித்த அட்டையில் இரண்டு தரத்தையும் எந்தச் சீட்டுக்கு எது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அசோக்குமார் சொன்னது பாதி பலித்தது. ஷோரூம் வேலை நின்றது. அதைக் கேட்டு வேலை அனுப்பிவந்த வேறு இரண்டு கார் கடைகளும் அனுப்புவதை நிறுத்தின. ஏழெட்டு மாதம் மறுபடியும் வேனுக்கும் ஆட்டோவுக்கும் ரெக்ஸின் தைத்தார்கள். ஷரீபா அதற்காக யாரிடமும் வருத்தம் சொல்லவில்லை. வீட்டில் சிராஜின் அக்கா ஹஃபீஸா, “வாயை அடக்கியிருந்தா இந்தப் பாடு வருமா?” என்று கேட்டபோது, “வராது மச்சி. வேற பாடு வந்திருக்கும்” என்றாள்.

பிறகு, யார் சொல்லி என்று தெரியவில்லை, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவள் பார்த்துச் சொன்னாள். அப்படி வந்தவர்களில் சிலர் சீட்டையும் மாற்றினார்கள். மெஷின் முன்பு ஓடிய அளவுக்கு இன்னும் ஓடவில்லை, ஆனால் ஓடுகிறது.

போன வாரம் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருவர், விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு, ஏழு வருஷம் ஓடிய ஒரு சொகுசுக் காரில் வந்து இறங்கினார். விற்கிறவர் இறங்கும்போதே, “எல்லாம் ஒரிஜினல் லெதர்” என்றார். ஷரீபா பின் சீட்டின் அடியில் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தாள். பக்கவாட்டை விரலால் மடித்துப் பார்த்தாள்.

“உக்கார்ற எடம் மட்டும் லெதர். சைடு, முதுகுப் பக்கம் எல்லாம் ரெக்ஸின். கம்பெனியிலயே அப்பிடித்தான் வரும்” என்றாள்.

விற்கிறவருக்கு எரிச்சல் வந்தது. “உங்கள யாரும்மா இம்புட்டு வெவரமாக் கேட்டா?”

“அவரு கேட்டாரு” என்று வாங்க வந்தவரைக் காட்டினாள். “நாளைக்கு நீங்க வேற காரு வாங்குனாலும் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கும் உள்ளதச் சொல்லுவேன்.”