பிளேக் வருஷமும் கமலாவின் காய்ச்சலும்

புத்தகத்தை இரவல் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பதை நூல்நிலையத்தில் உத்தியோகம் பார்த்த என் சக பாவிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆட்டையாம்பட்டியில் நான் வாசகசாலைக்குப் பொறுப்பாக இருந்தபோது பிளேக் வந்தது. அந்த வருஷம் திரும்பி வராத ஒரு நாவலைப் பற்றித்தான் இது.

பூட்டு

வெல்லமண்டியில் எலி செத்து விழுந்ததும் ஊரைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். வாசகசாலையையும் மூட உத்தரவு. எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் எழுத்தறியாத நெசவாளிகள். தறியை விட்டு இறங்கி வந்து உட்காருவார்கள். நெசவாளிகளில் படிக்கத் தெரிந்தவரான சின்னப்பன் நாவலை உரக்க வாசிப்பார். கதாநாயகி கமலா காய்ச்சலில் கிடக்கிற இடத்தில் வாசிப்பு நின்றிருந்தது. பெண்சாதிக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லிச் சின்னப்பன் புத்தகத்தை வாங்கிப் போய்விட்டார்.

நான் பூட்டைத் தொங்கவிட்டபோது மாரப்பன் வழிமறித்து, கமலா என்ன ஆனாள் என்று கேட்டார். ஒருநாள் தவறாமல் கதை கேட்க வருகிறவர். அந்த நாவலை நான் முன்பே படித்திருந்தேன். கமலா செத்துப்போகிறாள். ஊர் இருந்த இருப்பில் அதை எந்த வாயால் சொல்ல? தெரியாது என்றேன். மனிதர் விடவில்லை.

“பூட்டறதுன்னா பூட்டுங்க. அந்தப் புள்ளை பொழைச்சுதா இல்லையான்னு சொல்லிப்போட்டுப் பூட்டுங்க.”

கொட்டகைகள்

ஊரே சோளக்காட்டில் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறியது. என்னைக் கண்டால் தூரத்திலேயே நின்று கும்பிடுவார்கள். நான் சௌக்கியமா என்று கேட்கமாட்டார்கள், கமலா சௌக்கியமா என்றுதான் கேட்பார்கள். அந்தக் குரல்களை நினைத்தால் இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. பிளேக் காலத்துக்கு ஏங்குகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சின்னப்பனின் மனைவி பாவாயிக்கு அக்குளில் நெறி கட்டியது. வாரம் திரும்புவதற்குள் போய்விட்டாள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, கொட்டகையைத் துணிமணியோடு கொளுத்தச் சொன்னார். பாவாயியின் தலைமாட்டில் இருந்த எங்கள் நாவலைச் சின்னப்பன் கையில் எடுத்துக்கொண்டு, நெருப்பில் போட மனமில்லாமல் நின்றார். அது பொதுச்சொத்து என்று நான் குறுக்கே விழுந்தேன். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிளேக்குக்குப் பொதுச்சொத்து, தனிச்சொத்து தெரியுமாய்யா? உள்ளே போடச் சொல்லும்.”

திறந்த அன்று

கோடை வெயில் ஏறியதும் நோய் தணிந்தது. வெள்ளையடித்து வாசகசாலையைத் திறந்தோம். சின்னப்பன் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். வெறுங்கையோடு தம் பழைய இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கதையை வாயாலேயே சொன்னார். கமலாவுக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மாரப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் போனபிறகு, “சின்னப்பரே, புத்தகத்தில் அப்படி இல்லையே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியுமுங்க. பாவாயி படுத்துக் கெடக்கறப்ப அவளுக்கு மாத்தித்தானுங்க படிச்சேன். அவளுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு சொல்ல முடியுங்களா?”

பிற்பாடு அந்த நாவலில் புதுப் பிரதி ஒன்று வாங்கி வைத்தேன். எழுத்துத் தெரிந்து அதைப் படித்தவர்கள் எல்லாரும், அச்சாபீஸ்காரன் கடைசி அத்தியாயத்தைக் கெடுத்துவிட்டான் என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள்.