கேபினைத் தட்டிய கை

நான் முருகனைக் கும்பிடுகிறவன். பொய் சொல்லிப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன சித்திரையில், பட்டப்பகலில், என் பிக்கப் வண்டியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அன்று காலை திருப்பரங்குன்றத்தில் அருள்பாண்டி கடையில் டயர் மாற்றினேன். வயல் பாதையில் அடிப்பக்கம் இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் பெரிய டயர். நாலும் பழையது. புது டயர் என்றால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். பழையதற்கு யார் வைக்கிறார்கள்? நானும் வைக்கவில்லை.

“அண்ணே, டயர் பெருசு. ஸ்பீடு மீட்டர் கம்மியாத்தான் காட்டும். இருங்க, சரிபண்ணித் தாரேன்.”

“நாளைக்கு வாரேன் தம்பி. மக காத்துக்கிட்டிருப்பா.”

“தாத்தாவானதும் கால் தரையில நிக்கலையே!” என்று சிரித்தான்.

திருமங்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து என் மகள் சரண்யாதேவியையும், பிறந்து சில நாளே ஆன பேரனையும் வண்டியூர் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மனைவி போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருவன்தான். தொட்டிலை மூன்று முறை துடைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

உச்சிவெயில். மணி 12.20. கண்மாய்க்கரைச் சாலையில் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. வண்டியின் பின்பக்கம் காலி.

முள் அறுபதைத் தொட்டது.

டக்... டக்... டக்.

பின்னால் ஏறி வருகிறவர்கள் கேபினைத் தட்டுவார்களே, அதே தட்டு.

நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மறுபடி அறுபது. மறுபடி தட்டு. இந்த முறை பதறிப் பதறி...

ஐம்பதுக்குக் குறைத்தேன்.

நின்றது.

“முருகா” என்றேன். பிறகு, “யாரா இருந்தாலும் உக்காருங்க தாயி. மெதுவாவே போறேன்” என்றேன்.

தாயி என்று ஏன் சொன்னேன்? தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது பேரன் வீரிட்டு அழுதான். சட்டென்று அடங்கினான். சரண்யா கேபினின் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா... பின்னாடி யாரை ஏத்திட்டு வாரீங்க?”

வேகத்தை இன்னும் குறைத்தேன்.

“அந்தம்மா பிள்ளையவே பாத்துக்கிட்டிருக்காங்க.”

நானும் பார்த்தேன்.

காலி.

மறுநாள் அருள்பாண்டி மீட்டரைச் சரிசெய்தான். அது அறுபது காட்டியபோது நான் அறுபத்தாறில் போயிருக்கிறேன்.

“டயர் எங்க வாங்குன தம்பி?”

அவன் முகம் மாறியது.

“கவுந்த வண்டியில கழட்டுனதுண்ணே. அந்த வண்டிக்காரனும் இதே பெரிய டயரை மாட்டிட்டு மீட்டரைச் சரிபண்ணாமத்தான் ஓட்டிருக்கான். அறுவதுலதான போனேன்னு அழுதானாம். லிஃப்ட் கேட்டுப் பின்னாடி ஏறுன ஒரு அம்மா, மெதுவாப் போகச் சொல்லிக் கேபினைத் தட்டிக்கிட்டே வந்துருக்கு. இவன் மீட்டரைப் பாத்துட்டு பேசாம இருந்துட்டான். அந்தம்மா அங்கயே...”

“எங்க போகணும்னு ஏறுனாங்க?”

“திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குண்ணே. மகளுக்குப் பிள்ள பிறந்திருக்குன்னு பாக்கப் போயிருக்கு... பாக்கவே இல்ல.”